வீட்டுக்கு வந்த பனிக்கட்டி

தானே கடற்கழியின் மேலுள்ள பாலத்தை ரயில் கடந்து, வாஷியைத் தாண்டியதும் சான்பாடா வருகிறது. மான்கூர்டிலிருந்து வாஷிக்கு 1992-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை திறக்கப்பட்ட பிறகு, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் தலைமுறைகளாகக் குடியிருந்த தமிழ்க் குடும்பங்கள் பல இக்கரைக்கு வந்து அடுக்குமாடி வீடுகளில் குடியேறின. அவ்வீடுகளில் எதனுள் நுழைந்து பார்த்தாலும் சமையலறையின் ஒரு மூலையில் ஆளுயரப் பெட்டியொன்று மெல்லிய முணுமுணுப்புடன் நிற்பதைக் காணலாம். இட்லி மாவும், உறைந்த தயிரும், நேற்றைய சாம்பாரும், துருவிய தேங்காயும், தாத்தாவின் இன்சுலின் மருந்தும், வெள்ளிக்கிழமைக்கு வாங்கிய மல்லிகைச் சரமும் அதற்குள் ஒன்றாகக் குடியிருக்கின்றன.

நம் பாட்டிமாரின் சமையலறையில் இப்பெட்டி இல்லை. பாலும் தயிரும் வைக்க உறி இருந்தது. குளிர்ந்த நீருக்கு மண்பானை இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மூக்கு என்னும் காவலாளி இருந்தான். பாத்திரத்தின் மூடியைத் திறந்து ஒருமுறை மோந்து பார்த்து, "ஊசிப்போய்விட்டது" என்று பாட்டி தீர்ப்பளித்துவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

குளிர்சாதனப் பெட்டியோடு பழகும்போது இந்தக் காவலாளியை நம்புவதற்கில்லை. அப்பெட்டியின் சரித்திரத்தைப் பார்த்தால் அபாயம் அதைவிட்டு ஒருபோதும் நீங்கியதில்லை என்பது தெரியவரும். அது வேஷம் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. வேஷம் மாறியபோதெல்லாம் மூக்குக்கு அநேகமாக இன்னும் சற்று எட்டாததாகவே ஆகியிருக்கிறது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் புகுகிறோம்.

கதை தொடங்குவது அமெரிக்க தேசத்தில். பாஸ்டன் நகரத்து வியாபாரி பிரெடரிக் டியூடர் என்பவர், குளிர்காலத்தில் ஏரிகளின் மேல் உறையும் பனிக்கட்டியை ரம்பத்தால் பாளம் பாளமாக அறுத்து, உஷ்ண தேசங்களுக்கு அனுப்பி விற்கலாம் என்று கண்டவர். முதலில் ஊரார் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். 1833-ஆம் ஆண்டு மே மாதத்தில் 'டஸ்கனி' என்னும் கப்பலில் சுமார் 180 டன் பனிக்கட்டியை ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். கப்பல் பூமத்திய ரேகையை இருமுறை கடந்து, நான்கு மாதப் பிரயாணத்திற்குப் பிறகு ஹூக்ளி நதிக்கு வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் கரையாமல் மிச்சமிருந்தது. பனிக்கட்டியைக் காத்தது எந்த யந்திரமும் அன்று, மரத்தூள்! காற்றுப் புகாமல் நெருக்கி அடுக்கி, சுற்றிலும் மரத்தூளைத் திணித்துவிட்டால் உஷ்ணம் உள்ளே நுழைவதற்கு வெகு நாளாகும். இன்று நம் வீட்டுப் பெட்டியின் சுவர்களுக்குள் அடைத்திருக்கும் நுரைப்பொருள் செய்யும் வேலையும் இதுவே.

பம்பாய்க்கும் வெகு விரைவில் பனிக்கட்டி வந்தது. 1834-ஆம் ஆண்டளவில் பெருஞ்செல்வர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் தம் மாளிகை விருந்தில் ஐஸ்க்ரீம் பரிமாறினார். விருந்துண்டவர்களுக்கும் விருந்தளித்தவருக்கும் ஜலதோஷம் பிடித்தது என்றும், அந்நியப் பழக்கத்தைக் கைக்கொண்டதற்கு அது தக்க தண்டனை என்றும் 'பம்பாய் சமாசார்' பத்திரிகை எழுதியதாகச் சொல்வார்கள். குளிர்ச்சியினால் நேரும் அபாயத்தைப் பற்றி இந்நகரில் வெளியான முதல் எச்சரிக்கை அதுவாகவே இருக்கக்கூடும். எச்சரிக்கை தவறு, ஜலதோஷம் ஐஸ்க்ரீமால் வருவதன்று. ஆயினும் எச்சரிக்க வேண்டும் என்று தோன்றிய உணர்ச்சியைக் குறைகூற முடியாது.

கோட்டைப் பகுதியில் கப்பல் துறைக்கு அருகில் குவிமாடத்துடன் கூடிய பனிக்கட்டிக் கிடங்கு ஒன்று எழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது இடிக்கப்பட்டுவிட்டபடியால் பம்பாய்த் தமிழர் அதைக் காண்பதற்கில்லை. ஆனால் அதன் உடன்பிறப்பைச் சென்னைக் கடற்கரையில் இன்றும் காணலாம். 1842-ஆம் ஆண்டில் டியூடர் கம்பெனியார் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் அது. பனிக்கட்டி வியாபாரம் நொடித்த பிறகு வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கினார். 1897-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மேல்நாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் அங்கே ஒன்பது நாட்கள் தங்கினார். அது இப்போது விவேகானந்தர் இல்லம் என்று வழங்குகிறது. ஆயினும் அந்த வட்டாரத்தை ஐஸ் ஹவுஸ் என்றே மக்கள் சொல்கிறார்கள்.

அந்த வியாபாரம் நொடித்ததற்குக் காரணம் யந்திரம். திரவம் ஒன்று ஆவியாகும்போது சுற்றிலுமுள்ள உஷ்ணத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரத்துணி போர்த்திய பானையில் நீர் குளிர்வது இதனாலேதான். அந்த ஆவியை வெளியே போகவிடாமல் பிடித்து, பம்பினால் அழுத்தி, மீண்டும் திரவமாக்கிச் சுற்றிவரச் செய்தால் ஒரே திரவத்தைக் கொண்டு இடைவிடாமல் குளிர்விக்கலாம். இதற்கு 1834-ஆம் ஆண்டில் லண்டனில் ஜேக்கப் பெர்க்கின்ஸ் காப்புரிமை பெற்றார். 1870-களில் ஜெர்மனியின் கார்ல் வான் லிண்டே அம்மோனியாவைக் கொண்டு அதைத் தொழிற்சாலைக்கு ஏற்றதாக்கினார். 1874-இல் சென்னையிலும் 1878-இல் வங்காளத்திலும் பனிக்கட்டி செய்யும் கம்பெனிகள் தோன்றின. பாஸ்டன் கப்பல்களுக்கு அதன்பின் வேலை இல்லாமற் போயிற்று.

அம்மோனியா கொடிய விஷம். ஆனால் அதற்கு ஒரு நற்குணம் உண்டு. துளி கசிந்தாலும் கண்ணும் மூக்கும் எரிந்து, மனிதனை அங்கிருந்து ஓடச் செய்துவிடும். பெரிய குளிர்பதனக் கிடங்குகளில் இன்றும் அதுவே மிகுதியாகப் பயன்படுகிறது. அங்கே காவலுக்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டில் அப்படி யார் இருக்கிறார்கள்?

முதல் உலக யுத்தத்தை ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் வீட்டுக்குளிர்பெட்டி விற்பனைக்கு வந்தது. அவற்றுள் 'பிரிஜிடேர்' என்ற பெயர் எவ்வளவு பரவிற்று என்றால், நம் நாட்டிலும் முந்திய தலைமுறையார் எந்தக் கம்பெனியின் பெட்டியையும் பிரிஜிடேர் என்றே சொன்னார்கள். அப்பெட்டிகளின் குழாய்களுக்குள் ஓடியது கந்தக-டை-ஆக்ஸைடு அல்லது மெதில் குளோரைடு. முன்னது நெடியுடையது, கசிந்தால் தூங்குகிறவனும் இருமிக்கொண்டு எழுவான். பின்னதில் இலேசான இனிய வாசனை மட்டுமே உண்டு. அதைச் சுவாசித்தவர் விழித்துக்கொள்வதில்லை. 1929-ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் இவ்விதம் பலர் மாண்டார்கள்.

பெர்லினில் இதுபோல் விஷவாயு கசிந்து ஒரு குடும்பமே இறந்த செய்தியைப் பத்திரிகையில் படித்து மனம் வருந்தியவர்களில் ஒருவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன். சார்பியல் தத்துவத்தைக் கண்ட அதே ஐன்ஸ்டீன்தான். கசிவு ஏற்படுவது பம்பின் அசையும் பாகங்களில் உள்ள அடைப்புகள் தேய்வதால். ஆகவே அசையும் பாகமே இல்லாத பெட்டி வேண்டும் என்று அவரும் லியோ ஸிலார்டு என்னும் இளம் விஞ்ஞானியும் 1926 முதல் பாடுபட்டார்கள். பல காப்புரிமைகளும் பெற்றார்கள். மின்காந்தத்தால் திரவ உலோகத்தைத் தள்ளும் அவர்களுடைய பம்பு வேலை செய்தது. ஆனால் இரைச்சல் தாங்கவில்லை. பெட்டி கடைக்கு வரவேயில்லை. உலகம் போற்றும் மேதை ஒருவர் ஆண்டுக்கணக்கில் சமையலறைப் பெட்டியைப் பற்றிச் சிந்தித்தார் என்பதை நம்மில் பலர் அறியோம். அவருடைய மற்றப் புகழ்களோடு இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

அவர்களை முந்திக்கொண்டது ரசாயனம். 1930-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க ரசாயனச் சங்கத்தின் கூட்டத்தில் தாமஸ் மிட்ஜ்லி, தாம் கண்ட புதிய வாயுவை மூச்சில் இழுத்து, எரியும் மெழுகுவத்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். விஷமில்லை, தீப்பற்றாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? 'பிரியான்' எனப் பெயர் பெற்ற அந்த வகை வாயு உலகெங்கும் பெட்டிகளில் குடிபுகுந்தது. பெட்ரோலில் ஈயம் கலக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவரும் இதே மிட்ஜ்லிதான் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

நம் நாட்டில் இந்தியக் கம்பெனி ஒன்று குளிர்பெட்டி செய்யத் தொடங்கியது 1958-ஆம் ஆண்டில். விக்ரோளியில் கோத்ரெஜ் தொழிற்சாலையார், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியாரின் ஒத்துழைப்போடு அதைச் செய்தார்கள். செம்பூர்த் தமிழர் அதைத் தங்கள் அண்டை வீட்டுப் பிள்ளை என்று சொல்லிக்கொண்டால் தவறில்லை. அக்காலத்துப் பெட்டிகளின் கதவில் கனமான கைப்பிடியும், சிலவற்றில் பூட்டும் சாவியும் இருந்தன. கதவு சாத்தியதும் உலோகக் கொக்கி மாட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பிடியை இழுத்தாலன்றித் திறக்காது.

அந்தக் கொக்கி குழந்தைகளுக்கு யமனாயிற்று. கண்ணாமூச்சி விளையாட்டில் பழைய பெட்டிக்குள் ஒளிந்த குழந்தை வெளியே வர முடியாது. காற்றுப் புகாத பெட்டியாதலால் கூக்குரலும் வெளியே கேட்காது. அமெரிக்காவில் ஆண்டுதோறும் இவ்வாறு குழந்தைகள் மடிந்தபடியால், உள்ளிருந்தே திறக்கக்கூடிய கதவு வேண்டும் என்று 1956-இல் சட்டம் இயற்றினார்கள். எவ்வளவு பலத்தில் தள்ளினால் கதவு திறக்க வேண்டும் என்பதை அறிய, இரண்டு முதல் ஐந்து வயதுள்ள சுமார் 200 குழந்தைகளைச் சோதனைப் பெட்டிக்குள் சிறிது நேரம் விட்டு, வெளியிலிருந்து கண்காணித்து ஆராய்ந்தார்கள். அச்சட்டம் நடைமுறைக்கு வந்ததும் 1958-ஆம் ஆண்டில்தான். இன்று நம் வீட்டுப் பெட்டிக் கதவைப் பிடித்து வைத்திருப்பது ரப்பர் விளிம்புக்குள் மறைந்திருக்கும் காந்தம். அந்தக் காந்தத்தின் பின்னால் இத்தனை சோகம் இருக்கிறது.

கொக்கி வைத்த பெட்டிகள் எல்லாம் ஒழிந்துவிட்டன என்று எண்ண வேண்டாம். மாடிப்படியின் கீழும் மொட்டை மாடியிலும் எந்தப் பழைய பெட்டி கிடந்தாலும், பங்கார்வாலா வந்து எடுத்துச் செல்லும்வரை அதன் கதவைக் கழற்றித் தனியே வைப்பதே முறை. பழையதை உடைப்பதிலும் கவனம் தேவை. நம் ஊரில் காயலான் கடை என்பதை இங்கே பங்கார் என்கிறார்கள். அந்தத் தொழிலில் நம்மவர் பலர் உழைக்கிறார்கள். செம்புக் குழாய்க்காக அதை வெட்டுகிறவர் உள்ளேயிருக்கும் வாயுவையும் எண்ணெயையும் தம் முகத்தில் வாங்கிக்கொள்கிறார். மின்கழிவுச் சட்டவிதிகள் 2012 முதல் குளிர்பெட்டியையும் உட்படுத்துகின்றன. அனுமதி பெற்ற நிறுவனத்திடம் கொடுத்தால் இருவருக்கும் க்ஷேமம்.

மிட்ஜ்லியின் வாயுவுக்கு வருவோம். 1974-ஆம் ஆண்டில் மொலினா, ரோலண்டு என்னும் இரு விஞ்ஞானிகள், அது ஆகாயத்தின் உயரத்திற்குச் சென்று, சூரியனின் புறஊதாக் கதிர்களைத் தடுக்கும் ஓஸோன் படலத்தை அரிக்கும் என்று எச்சரித்தார்கள். 1985-இல் அண்டார்டிகாவின் மேல் அப்படலம் மிக மெலிந்திருப்பது தெரியவந்தது. 1987 செப்டம்பர் 16-ஆம் தேதி மாண்ட்ரியல் நகரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தது. சமையலறையில் சாதுவாக இருந்த வாயு வானத்தில் கேடு விளைத்தது. எந்த மூக்கு அதை அறிந்திருக்கும்!

அதற்குப் பதிலாக இன்று புதிய பெட்டிகளில் மிகுதியாக இருப்பது ஐசோபியூட்டேன். பெட்டியின் பின்புறத்தில் 'ஆர்-600-ஏ' என்னும் குறியும், தீச்சுவாலைப் படமும் இருந்தால் அதுவே. ஓஸோனுக்குத் தீங்கில்லை, ஆனால் தீப்பற்றும். நம் சமையல் எரிவாயுவுக்கு நெருங்கிய உறவு என்று சொல்லலாம். ஒரு வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். சமையல் எரிவாயுவில் கசிவை உணர்த்துவதற்காகவே ஒரு துர்நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். குளிர்பெட்டியின் வாயுவில் அது கலக்கப்படுவதில்லை. அது காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். பெட்டியில் இருப்பது சில பத்து கிராம்தான். ஆகையால் பீதி வேண்டாம். ஆனால் உறைபெட்டியில் படிந்த பனியைக் கத்தியாலோ ஸ்குரூ டிரைவராலோ குத்திப் பெயர்க்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறதே, அதை இன்றே விட்டுவிட வேண்டும். உலோகத் தகட்டின் அடியில் ஓடுவது அந்த வாயு. பெட்டியை நிறுத்திக் கதவைத் திறந்து வைத்தால் பனி தானே கரையும். குத்தும்போது 'உஸ்' என்ற சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, எந்த மின்விசையையும் தொடாமல் வெளியேற வேண்டும். பிளக்கைப் பிடுங்கும் பொறியும் ஆபத்தே.

2017-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் தேதி லண்டனில் கிரென்ஃபெல் மாளிகை எரிந்து 72 பேர் மாண்டனர். தீ தொடங்கிய இடம் நான்காம் மாடி வீடொன்றின் சமையலறையில் இருந்த குளிர்பெட்டி என்று விசாரணையில் தெளிந்தது. பேரழிவுக்கு முதற்காரணம் கட்டடத்தின் வெளிச்சுவரில் போர்த்திய எரியும் பலகைகளே. என்றாலும் அடுக்குமாடியில் வசிக்கும் நாம் அந்தத் தொடக்கத்தை மறக்கலாகாது. பெட்டிக்கும் சுவருக்கும் இடையே ஒரு கை நுழையும் அளவுக்காவது இடம் விட வேண்டும். மிக்ஸியும் கிரைண்டரும் செருகிய நீட்டிப்புப் பலகையில் இதையும் செருகாமல், எர்த் இணைப்புள்ள மூன்று முளைப் பிளக்கைச் சுவரிலேயே மாட்டுக. மும்பையின் ஆடி மாத மழையில் தரை ஈரமாயிருக்க, வெறுங்காலோடு கைப்பிடியைத் தொடும்போது விர்ரென்று இழுத்தால், "ஈரம், அதனால்தான்" என்று சமாதானம் சொல்லிக்கொள்வது பெரும் பிழை. கசிவு மின்சாரத்தை உணர்ந்து துண்டிக்கும் பாதுகாப்பு விசையை மீட்டர்ப் பலகையில் பொருத்தச் செய்வது நலம்.

இனி உள்ளே வைக்கும் பொருளைப் பார்ப்போம். குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை, உறங்க வைக்கிறது. சில கிருமிகள் உறங்குவதுமில்லை. 1981-ஆம் ஆண்டில் கனடாவின் கீழ்க்கரைப் பகுதியில் கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவும், பிறந்த குழந்தைகளுக்கு மரணமும் நேர்ந்தபோது ஆராய்ந்து பார்த்ததில், காரணம் முட்டைக்கோஸ் சாலட் என்று தெரிந்தது. ஆட்டெரு இட்ட தோட்டத்தில் விளைந்த கோஸைக் குளிர்காலம் முழுதும் குளிர்ந்த கிடங்கில் வைத்திருந்தார்கள். லிஸ்டீரியா என்னும் கிருமி அந்தக் குளிரிலும் மெல்ல மெல்லப் பெருகியது. கோஸ் பச்சைப்பசேலென்று இருந்தது, வாடையே இல்லை. உணவின் வழியாக லிஸ்டீரியா பரவுவது ஐயமற நிரூபணமானது அப்போதுதான். 2017-18-இல் தென்னாப்பிரிக்காவில் பதப்படுத்திய மாமிசத்தின் வழியே அதே கிருமி 200-க்கு மேற்பட்டவரைப் பலி கொண்டது.

சோற்றுக்கும் ஒரு பகைவன் உண்டு. பாஸில்லஸ் ஸீரியஸ் என்னும் கிருமியின் வித்து, கொதிக்கும் உலையிலும் சாகாது. வடித்த சோறு பல மணி நேரம் வெளியில் கிடந்தால் அது முளைத்து விஷத்தைச் சுரக்கும். அந்த விஷம் பிறகு சூடாக்கினாலும் அழியாது, வாடையும் தராது. பழையதில் நீரூற்றிப் புளிக்க விடும் வழக்கத்தில் அந்தப் புளிப்பு ஓரளவு காவல் செய்தது. இட்லி மாவுக்கும் புளிப்பே துணை. வெறும் சோற்றுக்கும் பருப்புக்கும் அத்துணை இல்லை. ஆகவே சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள், வைகாசி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள், தட்டையான சிறு பாத்திரங்களில் பிரித்து, ஆவி அடங்கியதும் உள்ளே வைத்துவிட வேண்டும். அண்டாவோடு வைத்தால் நடுப்பாகம் குளிர்வதற்கு விடிந்துவிடும். உள்ளே உஷ்ணம் 4 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்படாமலும், உறைபெட்டியில் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியும் இருக்க வேண்டும். குமிழில் எழுதியுள்ள எண் டிகிரியன்று. ஒரு குவளை நீரில் சிறு வெப்பமானியை வைத்து, இரவு முழுதும் உள்ளே விட்டுக் காலையில் பார்த்தால் உண்மை தெரியும். பச்சை மீனும் மாமிசமும் அடித்தட்டில் மூடிய பாத்திரத்தில் இருக்கட்டும். அவற்றின் நீர் சமைத்த உணவின்மேல் சொட்டலாகாது.

2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை மும்பைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம் புகுந்த பெட்டியில் இருந்த உணவு எதுவும் உணவன்று. மின்தொழிலாளி பார்த்துச் சொல்லுமுன் அப்பெட்டிக்கு மின்சாரம் கொடுப்பதும் கூடாது. 2020 அக்டோபர் 12-ஆம் தேதி மும்பையும் தானேயும் நவி மும்பையும் ஒருசேர மின்சாரமின்றி நின்றன. அத்தகைய நாட்களில் கதவைத் திறக்காமல் இருந்தால் உள்ளிருப்பது நான்கு மணி நேரம் தாங்கும். நிறைந்த உறைபெட்டி இரண்டு நாள் வரை தாங்கும். மின்சாரம் திரும்பியதும் ஐந்து நிமிஷம் பொறுத்துப் பெட்டியை இயக்கினால் கம்ப்ரஸர் பிழைக்கும்.

கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்கும் தஞ்சாவூருக்கும் புறப்படுகிறவர்களுக்கு ஓர் உபாயம் சொல்வார்கள். ஒரு கிண்ணத்தில் நீர் நிரப்பி உறைபெட்டியில் வைத்து, நன்றாக உறைந்தபின் அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுச் செல்ல வேண்டும். திரும்பி வரும்போது எல்லாம் கல்லாக உறைந்தே இருக்கும். ஆனால் நாணயம் மேலேயே இருக்கிறதா, கிண்ணத்தின் அடியில் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடியில் கிடந்தால், நாம் இல்லாத ஏதோ ஓர் இரவில் மின்சாரம் நின்று, அனைத்தும் கரைந்து, மீண்டும் உறைந்திருக்கிறது. அப்போது எதையும் எடுத்து மோந்து பார்த்துக்கொண்டு நிற்காமல் குப்பையில் சேர்த்துவிட்டு, கீழே இறங்கிக் கடைக்குப் போய்ப் புதிய பால் வாங்கி வரலாம்.